பீய்ச்சினால் எட்டவில்லையே!

வாசகர் கேள்வி – பதில்

விடுமுறைக் கடிதங்களில் இந்த முறை தண்ணீர்த் துப்பாக்கிக்குத்தான் முதலிடம். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலிருந்து வந்தவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். மாசி–பங்குனித் திருவிழாக் கடையில் வாங்கியது சித்திரை பிறக்குமுன் படுத்துவிட்டது என்பதுதான் பலருடைய புலம்பல்.

கேள்வி: பெட்டியில் '15 மீட்டர் பாயும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அடித்துப் பார்த்தால் வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) இந்தத் தூணிலிருந்து எதிர்த்தூண் வரைகூடப் போகவில்லை. ஏமாற்று வேலையா? – வாசகர், தேவகோட்டை

முழுக்க ஏமாற்று என்று சொல்ல முடியாது, முழு உண்மையும் இல்லை. பெட்டியில் போடும் தூரம் பெரும்பாலும் கடைசித் துளி போய் விழுந்த இடம். விளையாடுகிறவருக்கு வேண்டியதோ எதிராளியின் சட்டை நனையும் தூரம். பெரிய துப்பாக்கிகளில் இந்த இரண்டுக்கும் நடுவே நாலைந்து மீட்டர் வித்தியாசம் வருவது சகஜம்.

கணக்கு இதுதான். அழுத்தத்தை 'பார்' என்ற அலகால் அளப்பார்கள்; 1 பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம். உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிட 1 பார் கூடுதலாக இருந்தால் தண்ணீர் நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 2 பார் என்றால் 20 மீட்டர். அழுத்தத்தை இரட்டித்தாலும் வேகம் இரட்டிக்காது. வேகம் இரட்டிக்க அழுத்தம் நான்கு மடங்காக வேண்டும். 14 மீட்டர் வேகத்தில் 45 டிகிரி சாய்வில் அடித்தால், காற்றே இல்லாத உலகத்தில் 20 மீட்டர் போகும். நம் உலகத்தில் தாரை கிளம்பிய சிறிது தூரத்திலேயே சிதறித் துளியாகிவிடுகிறது, துளியைக் காற்று பிடித்து நிறுத்திவிடுகிறது. அந்த 20-இல் பாதி கிடைத்தாலே நல்ல துப்பாக்கி. விசையை இழுத்து அடிக்கும் சாதாரணக் கைத்துப்பாக்கியிடம் 4 முதல் 6 மீட்டருக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

முனைத் துளையையும் பாருங்கள். மெல்லிய தாரை சீக்கிரம் உடையும், தடித்த தாரை தூரம் போகும். ஆனால் தடித்ததற்குத் தண்ணீர்ச் செலவு அதிகம். 1 பார் அழுத்தத்தில் 2 மி.மீ. துளை நொடிக்குச் சுமார் 44 மி.லி. தள்ளும், 3 மி.மீ. துளை 99 மி.லி. தள்ளும். அதாவது ஒரு லிட்டர் முன்னதில் இருபதுக்குச் சற்று மேற்பட்ட நொடிகளும் பின்னதில் பத்து நொடியும் வரும். தூரம் வேண்டுமென்று துளையைக் குடைந்து பெரிதாக்குகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. பிள்ளைகள் விளையாடுகிற நேரத்தைவிடக் குழாயடியில் நிற்கிற நேரம் கூடிப்போகும்.

அளந்து பார்க்க ஆசையென்றால் முறையாக அளக்கலாம். முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரே நேர்கோடாக இருக்கிற நம் பக்கத்து வீடுகள் இதற்கென்றே கட்டியவை போலத் தோன்றும். ஆனால் நனைந்த ஆத்தங்குடிக் கல்லில் (சிமென்டில் வார்த்த தரைக்கல்) கால் வழுக்கும், உள்ளே வேண்டாம். காலை ஏழு மணிக்கு முன் காற்றில்லாத நேரத்தில் தெருவில் அடியுங்கள். தோள் உயரத்தில் பிடித்து, 45 டிகிரிக்குக் கொஞ்சம் தாழ்த்தி, 35 முதல் 40 வரை சாய்க்கவும். காற்றுத் தடை இருக்கும்போது அந்தச் சாய்வில்தான் அதிக தூரம் கிடைக்கும். ஐந்து முறை அடித்து, ஒவ்வொரு முறையும் தரை நன்றாக நனைந்த இடத்தின் நடுவில் சாக்பீஸ் கோடு போடுங்கள். ஆகக் கூடியதையும் ஆகக் குறைந்ததையும் விட்டுவிட்டு மீதி மூன்றின் சராசரியை எடுத்தால் அதுதான் உங்கள் துப்பாக்கியின் தூரம்.

கேள்வி: பம்ப் அடிக்கும் வகை வாங்கினோம். டேங்க் நிறையத் தண்ணீர் பிடித்து, கை வலிக்கப் பம்ப் அடிக்கிறான் மகன். முதல் சில நொடிகள் சீறுகிறது, அப்புறம் ஓட்டைக் குடம் மாதிரி வழிகிறது. – வாசகி, காரைக்குடி

டேங்க் நிறையப் பிடிப்பதுதான் தப்பு. இந்த வகையில் தண்ணீரைத் தள்ளுவது காற்று. காற்றுக்கு இடம் கொடுக்காவிட்டால் தள்ள ஆளில்லை.

1.5 லிட்டர் டேங்க் என்று வையுங்கள். 1.3 லிட்டர் தண்ணீர் பிடித்தால் மேலே 200 மி.லி. காற்று. அதைப் பம்ப் அடித்து மூன்று மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுவந்தாலும், அது விரிந்து 600 மி.லி. ஆகும்போது சீற்றம் தீர்ந்துவிடும். வெளியே வந்தது 400 மி.லி. மட்டும், உள்ளே 900 மி.லி. சும்மா கிடக்கும். அதே டேங்கில் 1 லிட்டர் மட்டும் பிடியுங்கள். 500 மி.லி. காற்று மூன்று மடங்கு அழுத்தத்திலிருந்து விரிந்தால் சரியாக 1500 மி.லி. ஆகும், ஒரு லிட்டரும் வெளியே வந்துவிடும். மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், ஒரு பங்கு காற்று: இதை மகனுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும். டேங்கின் வெளியே பெர்மனென்ட் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள்.

பம்ப் எத்தனை அடி? ஒரு அடிக்கு 40 மி.லி. காற்று உள்ளே போகிறது என்றால், 500 மி.லி. இடத்தை மூன்று மடங்காக்க 25 அடி. வாஷரில் கொஞ்சம் கசியும், ஆகவே முப்பது. நிறையத் தண்ணீர் பிடித்த டேங்கில் பத்து அடியிலேயே பம்ப் கெட்டிப்படும். கை வலிக்கிற அளவுக்கு அடித்தும் பலனில்லாமல் போவது அதனால்தான். பாதி ஆட்டத்தில் சீற்றம் குறையும்போது இன்னொரு பத்து அடி கொடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஓடிக்கொண்டே மூக்கைக் கீழே சாய்த்து அடித்தால் சில மாதிரிகளில் உள்ளே உறிஞ்சு குழாயின் வாய் தண்ணீருக்கு மேலே வந்துவிடும். ஒரே ஒரு 'புஸ்', அடைத்துவைத்த காற்று முழுதும் போச்சு. உறிஞ்சு குழாய் எங்கே முடிகிறது என்று டேங்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அதிகக் காற்றை வெளியேற்றும் சிறு வால்வு இருந்தால் அதை டேப் ஒட்டி அடைக்கவே கூடாது.

கேள்வி: காற்றடைத்த தண்ணீர்த் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர் யார்? – கல்லூரி மாணவர், காரைக்குடி

லோனி ஜான்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1982-இல் ஃப்ரியான் என்ற குளிரூட்டும் வாயுவுக்குப் பதில் தண்ணீரைக் கொண்டு இயங்கும் வெப்பப் பம்பு ஒன்றை வீட்டில் சோதித்தபோது, குளியலறையில் முனையிலிருந்து பாய்ந்த தாரையைப் பார்த்து யோசனை வந்தது. 1986-இல் காப்புரிமை, 1990-இல் கடைக்கு வந்தது, 1991-இல் 'சூப்பர் சோக்கர்' என்று பெயர் மாறியது. 1996-இல் காற்றுக்குப் பதிலாக ரப்பர் பையில் தண்ணீரை ஏற்றும் வகை வந்தது. ரப்பர் கடைசிவரை ஏறக்குறைய ஒரே சீராகச் சுருங்குவதால் மேலே சொன்ன 'முதலில் சீற்றம், பிறகு வழிசல்' தொல்லை அதில் இல்லை. ஆனால் பழைய ரப்பர் வெடித்துக் கிழியும். விளையாட்டு மட்டும் நமக்குப் புதிதில்லை; நீர் பீய்ச்சும் கருவிக்குப் பழந்தமிழில் சிவிறி என்று பெயர்.

கேள்வி: விசையை இழுத்தால் 'டக் டக்' என்று சத்தம் வருகிறது, தண்ணீர் வரவில்லை. வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. தூக்கிப் போடுவதா? – வாசகர், புதுவயல்

போடாதீர்கள். இந்தக் கைத்துப்பாக்கிக்குள் இருப்பது விரல் பருமனில் ஒரு உருளை, அதற்குள் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மாட்டிய ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங், இரண்டு ஒருவழி வால்வு. ஒரு வால்வு டேங்கிலிருந்து தண்ணீரை உள்ளே விடும், மற்றது முனைப்பக்கம் வெளியே விடும். 10 மி.மீ. விட்டமுள்ள உருளையில் பிஸ்டன் 15 மி.மீ. நகர்ந்தால் ஒரு இழுப்புக்கு 1.2 மி.லி.கூட வராது. இவ்வளவு சின்ன வேலையில் ஒரு மணல் பருக்கை விழுந்தாலும் எல்லாம் நின்றுபோகும்.

முதலில் திருப்புளியைத் தேடாதீர்கள். மூடியை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு அடித்துப் பாருங்கள். இந்த வகையில் மூடியில் ஊசித் துளை ஒன்று இருக்கும். தண்ணீர் போகப் போக அதன் வழியாகக் காற்று உள்ளே வர வேண்டும். அது அடைத்துக்கொண்டால் டேங்க் பக்கவாட்டில் ஒடுங்கும், விசையும் மெதுவாகத்தான் திரும்பும். மூடியைத் தளர்த்தியதும் தண்ணீர் வந்தால் கோளாறு அந்தத் துளைதான், ஊசியால் குத்திவிட்டால் தீர்ந்தது. பம்ப் அடிக்கும் வகைக்கு இது நேரெதிர்: அங்கே மூடி காற்றுப்புகாமல் இருக்க வேண்டும். இரண்டு வகை மூடியையும் மாற்றிப் போட்டுவிட்டு 'ரெண்டும் கெட்டுப்போச்சு' என்கிறவர்கள் உண்டு.

அப்படியும் வரவில்லையா? கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றிப் பதினைந்து நிமிடம் வைத்து, கைப்பிடியின் மேல்பக்கத்தை உள்ளங்கையில் தட்டிக்கொண்டே முப்பது நாற்பது தடவை இழுங்கள். சும்மா கிடந்த துப்பாக்கியில் வால்வுக் குண்டு தன் இருக்கையில் ஒட்டிக்கொண்டிருக்கும், பாதிக்கு மேல் இதிலேயே சரியாகிவிடும். போர் தண்ணீர் உப்புப் படிந்திருந்தால் அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து அரை மணி நேரம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் அலசவும். ஸ்பிரிங் இரும்பு என்பதால் இரவு முழுக்க ஊறவைக்கக் கூடாது. இதை ஆத்தங்குடிக் கல் தரையில் வைத்துச் செய்யாதீர்கள். சிமென்டை அமிலம் அரித்துப் பளபளப்பு போய்விடும். கொல்லைப்பக்கமே நல்லது.

அடுத்தது விரல் சோதனை. தண்ணீர் இருக்கும்போது முனையை விரலால் இறுக்கி அடைத்து விசையை இழுங்கள். கல் மாதிரி நின்றால் பிஸ்டன் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் எங்கோ கசிகிறது. கைப்பிடி இணைப்பில் ஈரம் கசிந்தால் ஓ-ரிங் போய்விட்டது. ஈரம் இல்லாமல் டேங்குக்குள் குமிழி எழுந்தால் உள்வால்வு மூடவில்லை.

இனித் திறக்கலாம். ஆறு முதல் பத்து ஸ்க்ரூ இருக்கும். ஸ்டிக்கருக்கு அடியில் ஒன்று ஒளிந்திருப்பது வழக்கம், ஆகவே இழுப்பதற்கு முன் ஸ்டிக்கரைத் தடவிப் பாருங்கள். ஒரு தாம்பாளத்துக்குள் வைத்து, மேல் பாதியை மெல்லத் தூக்கி, எதையும் தொடுமுன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் துள்ளி ஓடினால் எங்கே இருந்தது என்பது நினைவுக்கு வராது. ஸ்க்ரூவே இல்லாமல் இரண்டு பாதியையும் உருக்கி ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள், நெம்பினால் உடையும்.

ஓ-ரிங் தேய்ந்து தட்டையாகியிருந்தால் புதிது போடவேண்டும். ஆர்.ஓ. பழுதுபார்க்கும் கடை, மோட்டார் உதிரிபாகக் கடை எதிலும் கிடைக்கும். பழையதையும் பிஸ்டனையும் கையோடு கொண்டுபோங்கள். உள்விட்டம், தடிமன் இரண்டும் பொருந்த வேண்டும். அந்த அளவு கிடைக்காவிட்டால் பழையதைக் கழற்றி, பள்ளத்தில் டெஃப்லான் டேப் இரண்டு சுற்றுச் சுற்றி, அதன் மேல் பழைய ஓ-ரிங்கையே போட்டால் கொஞ்சம் புடைத்து மறுபடி இறுகும். மேலே கடுகளவு சிலிக்கான் கிரீஸ். தேங்காயெண்ணெய் போடுகிறார்கள், அது நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும். வாசலின் போன்ற பெட்ரோலிய வகை சில ரப்பரை ஊதவைத்துவிடும்.

ஸ்பிரிங் துருப்பிடித்து உடைந்திருந்தால் தீர்ந்துபோன ஹேண்ட்வாஷ் பாட்டிலின் பம்பைப் பிரித்துப் பாருங்கள். துருப்பிடிக்காத ஸ்பிரிங் ஒன்றும், பல மாதிரிகளில் வால்வுக் குண்டு ஒன்றும் உள்ளே இருக்கும். பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங் போதாது, விசையைத் திருப்பித் தள்ளும் வலு அதற்கில்லை.

கேள்வி: டேங்கில் விரிசல். ஃபெவிக்விக் போட்டேன், மறுநாளே பெயர்ந்து வந்துவிட்டது. – வாசகர், கோட்டையூர்

பசையைக் குற்றம் சொல்லாதீர்கள். பாலிஎத்திலீன், பாலிபுரொப்பைலீன் ஆகிய பிளாஸ்டிக்குகளில் எந்தச் சாதாரணப் பசையும் பிடிக்காது. உங்களுடையது எது என்று கண்டுபிடிக்க உடைந்த துண்டு ஒன்றைத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் இந்த இரண்டில் ஒன்று, ஒட்டும் முயற்சியை விட்டுவிடுங்கள். மூழ்கினால் ஏ.பி.எஸ். போன்றதாக இருக்கும், உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, இரண்டு பகுதியைக் கலந்து போடும் எபாக்ஸி பூசி ஒரு நாள் முழுக்க உலரவிட்டால் நிற்கும்.

இதெல்லாம் சாதாரணத் துப்பாக்கிக்கும் வெளிக்கூட்டுக்கும்தான். பம்ப் அடித்து அழுத்தம் ஏற்றும் டேங்கில் விரிசல் என்றால் எதைப் போட்டும் ஒட்டாதீர்கள். பிள்ளை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பம்ப் அடிக்கிற பொருள் அது. விரிசல் இல்லாமல் காற்று மட்டும் இறங்கினால் சோப்பு நுரையை மூடியிலும் பம்ப் தண்டின் அடியிலும் தடவுங்கள், குமிழி வரும் இடம்தான் கசிவு. மூடி வாஷரைக் கழற்றித் திருப்பிப் போட்டாலே பல நேரம் நின்றுவிடும்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து பேராண்டி பேட்டரித் துப்பாக்கி கொண்டுவந்தான். ஊருக்கு வந்ததும் சார்ஜ் ஏற மாட்டேன் என்கிறது. ஏறினாலும் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. – ஓர் அப்பத்தா, பள்ளத்தூர்

அப்பத்தா, முதலில் கம்பியைப் பாருங்கள். இப்போதைய சார்ஜர்களில் இரண்டு முனையும் ஒரே மாதிரி சிறிய நீள்வட்டமாக இருக்கும் கம்பி வருகிறது. மலிவான விளையாட்டுச் சாமான் பலவற்றில் அந்தக் கம்பியை அடையாளம் காணும் சிறு பாகத்தை வைக்காமலே விட்டுவிடுகிறார்கள், அதனால் சார்ஜர் மின்சாரமே தராது. ஒரு முனை பழைய அகலச் செவ்வகமாக உள்ள கம்பியைப் போட்டுச் சாதாரண 5 வோல்ட் சார்ஜரில் செருகச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஏறிவிடும். செருகும் துளை ஈரமாக இருந்தால் துடைத்து ஒரு ராத்திரி உலரவிட்ட பிறகே செருக வேண்டும். உள்ளே பச்சை பூத்திருந்தால் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் தேய்க்கலாம்.

மோட்டார் ஓடித் தண்ணீர் வராவிட்டால் குழாயில் காற்று அடைத்திருக்கும். டேங்கை முழுக்க நிரப்பி, சரியாக 'கிளிக்' என்று மாட்டி, மூக்கை மேலே தூக்கிப் பிடித்து ஐந்து நொடி அழுத்தவும். வரவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். இந்தக் குட்டிப் பம்புக்கு எண்ணெயும் தண்ணீர்தான், குளிர்ச்சியும் தண்ணீர்தான். வறண்டு ஓடினால் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேயும். உறிஞ்சும் முனையில் உள்ள சல்லடையையும் கழற்றிக் கழுவுங்கள். ஊரணித் தண்ணீரை அப்படியே மொண்டு ஊற்றியிருந்தால் பாசி அங்கேதான் உட்கார்ந்திருக்கும். குடிக்க எடுக்கும் சம்பை ஊற்றுத் தண்ணீரை இதற்குச் செலவழிக்க யாருக்கும் மனம் வராது, வரவும் வேண்டாம். எந்தத் தண்ணீரானாலும் வேட்டித் துணியில் வடிகட்டினால் போதும்.

பேட்டரிப் பக்கம் உப்பியிருந்தாலோ, சார்ஜில் இருக்கும்போது கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தாலோ அத்தோடு நிறுத்திவிடுங்கள். பிரித்துப் பார்க்கவோ குத்தவோ கூடாது. மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுப்பதுதான் வழி.

கேள்வி: அம்மன் கோயில் மஞ்சள் நீராட்டுக்குப் பிள்ளைகள் துப்பாக்கியில் மஞ்சள் தண்ணீர் அடிக்கிறார்கள். அன்றைக்கே அடைத்துக்கொள்கிறது. – வாசகி, கண்டனூர்

மஞ்சள்தூள் தண்ணீரில் கரைவதில்லை, மிதந்துகொண்டிருக்கிறது. நின்றால் அடியில் படியும். அந்தத் தூள் வால்வுக் குண்டுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே மாட்டினால் வால்வு மூடாது. லிட்டருக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் போடாமல் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல் தண்ணீரை நான்காக மடித்த வேட்டித் துணியில் இரண்டு முறை வடித்துப் பயன்படுத்துங்கள். நிறம் குறைவாகத்தான் இருக்கும், விசேஷத்துக்கு அது போதும். விளையாடி முடித்த கையோடு இரண்டு டேங்க் நல்ல தண்ணீரை அடித்துக் கழுவ வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் காய்ந்து இறுகிவிடும். மஞ்சளுக்கென்றே இழுத்துத் தள்ளும் குழல் வகை ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. பல மாதிரிகளில் வால்வே இல்லை, அடைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். சிவப்பாக அழகாக இருக்கிறதென்று ஆரத்தித் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். அதில் சுண்ணாம்பு இருக்கிறது. கையில் பட்டால் ஒன்றுமில்லை, கண்ணில் வேகமாகப் பட்டால் விழியைப் பொசுக்கிவிடும். தவறிப் பட்டுவிட்டால் அங்கேயே நல்ல தண்ணீரைக் கண்ணைத் திறந்து வைத்து இருபது நிமிடம் ஊற்றிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். வெறும் தண்ணீரானாலும் மூன்று மீட்டருக்குள் முகத்தைப் பார்த்து அடிக்கக் கூடாது.

கறையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மஞ்சள் கறையை வெயில் தானாக வெளுக்கவைக்கும், வெளிச்சுவரை அப்படியே விடலாம். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் பட்டால் சிவப்பாக மாறும், பயப்பட வேண்டாம். தரைக்கல்லில் பட்டதை உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். எலுமிச்சை போட்டுத் தேய்த்தால் கறை போகுமுன் கல் போய்விடும்.

கேள்வி: கடைச் சாமான் வேண்டாம். ஐயா காலத்தில் மூங்கிலில் செய்த பீச்சாங்குழல் மாதிரி வீட்டிலேயே செய்ய முடியுமா? – வாசகர், நெற்குப்பை

முடியும், கடைச் சாமானைவிட நீண்ட நாள் உழைக்கும். மூங்கிலில் ஒரு முனையில் கணுவை விட்டு அறுத்து, கணுவின் நடுவில் காய்ச்சிய கம்பியால் துளைபோட்டு, துணி சுற்றிய குச்சியை உள்ளே விடுவார்கள். கோடையில் மூங்கில் காய்ந்து வெடிக்கும். விளையாடுமுன் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். இப்போது பி.வி.சி. குழாயே வசதி.

25 மி.மீ. குழாயில் 45 செ.மீ. அறுத்துக்கொள்ளுங்கள். உள்விட்டம் ஏறக்குறைய 22 மி.மீ. இருக்கும். ஒரு மூடியில் 3 மி.மீ. துளையை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துளைத்து, உள்விளிம்பை உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள். பிசிறு இருந்தால் தாரை முனையிலேயே கிழிந்து சிதறும். தூரம் குறைவதற்கு முக்கியக் காரணம் இதுதான். மூடியைப் பி.வி.சி. சொலூஷன் போட்டு ஒட்டி ஒரு நாள் விடவும். தள்ளுகோலுக்கு 15 மி.மீ. கம்பு 60 செ.மீ. அதன் நுனியில் 20 மி.மீ. இரும்பு வாஷர் இரண்டு, நடுவே லாரி டியூபில் வெட்டிய 23 மி.மீ. ரப்பர் வட்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஸ்க்ரூவில் இறுக்கவும். வட்டு குழாயைவிட ஒரு மி.மீ. பெரிதாக இருந்தால்தான் இறுகும். 25 ஆகிவிட்டால் தள்ளப் பிள்ளைகளால் முடியாது. மறுமுனையில் நடுவே துளையிட்ட மூடியைத் தள்ளுகோலில் கோத்துச் சும்மா செருகிவைத்தால் இழுக்கும்போது கோல் கையோடு வந்துவிடாது.

40 செ.மீ. இழுத்தால் 150 மி.லி. தண்ணீர் ஏறும். 1 பார் அழுத்தம் வர 4 கிலோவுக்குச் சற்றுக் குறைவான அழுத்தல் போதும், எட்டு கிலோ கொடுத்தால் 2 பார். அதிகம் பிடிக்கட்டும் என்று 40 மி.மீ. குழாயில் செய்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். குழாய் பருத்தால் அதே கைவலுவுக்கு அழுத்தம் குறையும், தாரை கிட்டேயே விழும். மதுரையில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சும் தோல் துருத்தியிலும் இதே கணக்குத்தான்: கையே பம்ப், முனை சின்னது.

கேள்வி: ஐந்து வயதுப் பேத்திக்கும் பன்னிரண்டு வயதுப் பேரனுக்கும் எதை வாங்கலாம்? – ஓர் ஆயா, கானாடுகாத்தான்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பேத்திக்கு 300 மி.லி.க்கு மேல் பிடிக்கும் எதுவும் பத்து நிமிடத்தில் தரையில் கிடக்கும். விசை அவள் விரலுக்கு இளகுகிறதா என்று கடையிலேயே இழுக்கவைத்துப் பாருங்கள். பேரனுக்கு 1 முதல் 1.5 லிட்டர் பம்ப் வகை. வெறும் காற்றாகப் பத்து அடி அடித்து, ஐந்து நிமிடம் கழித்து விசையை இழுக்கச் சொல்லுங்கள். 'புஸ்' பலமாக வந்தால் வாஷர்கள் நன்றாக இருக்கின்றன. சத்தமே வராத துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்க்ரூ போட்டு மூடியதை வாங்கினால் பிற்பாடு பழுது பார்க்கலாம். பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். பதினான்கு வயதுக்குட்பட்டோர் விளையாட்டுச் சாமான்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். முத்திரையோடு உள்ள உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம்.

கேள்வி: பள்ளி திறந்ததும் பரணில் போட்டுவிடுகிறோம். அடுத்த கோடையில் எடுத்தால் எதுவும் வேலை செய்வதில்லை. – வாசகி, ஆத்தங்குடி

தண்ணீரோடு போட்டிருப்பீர்கள். அழுத்தத்தைத் திறந்துவிட்டு, தண்ணீரைக் கொட்டி, வெறுமனே இருபது தடவை அடித்து உள்ளிருக்கும் கடைசி ஈரத்தையும் வெளியேற்றுங்கள். மூடியைக் கழற்றி, மூக்குக் கீழே பார்க்க நிழலில் இரண்டு நாள் தொங்கவிடவும். மொட்டைமாடி வெயில் வேண்டாம். பிளாஸ்டிக் வெளுத்து நொறுங்கும். டெங்கு பரப்பும் கொசு இந்த டேங்கைப் போன்ற சின்னப் பாத்திரத்தைத்தான் தேடும். முட்டையைத் தண்ணீர்மட்டத்துக்கு மேல் சுவரில் ஒட்டிவைக்கும், அது காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பாட்டில் கழுவும் பிரஷ்ஷால் உள்ளே ஒரு தேய்ப்புக் கொடுத்துவிடுங்கள். பேட்டரி வகையை முழுச் சார்ஜிலும் வைக்காமல் அடியோடு தீர்த்தும் வைக்காமல் பாதியில் வையுங்கள். அடுத்த வருஷம் எடுத்ததும் முதல் டேங்கை வெந்நீராக ஊற்றிச் செடிக்கு அடித்துவிட்டுப் பிறகு பிள்ளைகள் கையில் கொடுக்கலாம்.

கேள்வி: மாடியில் வற்றல் காயும்போது காக்கையை விரட்ட இது உதவுமா? – ஓர் ஆச்சி, காரைக்குடி

உதவும் ஆச்சி, எங்கே நின்று அடிக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். காக்கை வற்றல் மேல் இறங்கிய பிறகு அடித்தால் காக்கை பறந்துவிடும், நனைவது வற்றல். கைப்பிடிச் சுவரில் வந்து உட்காரும்போதே, தாரை பாயைக் குறுக்கே கடக்காதபடி பக்கவாட்டில் நின்று அடியுங்கள். 5 மீட்டர் எட்டும் கைத்துப்பாக்கி போதும், முனையைத் திருகித் தூறலாக்கும் வகை வேண்டாம். தூறல் காற்றில் திரும்பிப் பாய் மேல்தான் விழும். இறங்கும்போது துப்பாக்கியையும் கையோடு கொண்டுவந்துவிடுங்கள், அதையும் வற்றலோடு சேர்த்து வெயிலில் காயவைத்துவிடாதீர்கள்.